வகுத்தல் சரி

வலங்கைமான் கால்நடை மருந்தகப் பதிவேட்டில்
மாடு, ஆடு, கோழி, நாய்.
பிறகு ஒரு ஒடுங்கிய கட்டம், 'இதர'.
சீமைப் பெருச்சாளி என்று முழுதாய் எழுத
அதில் இடமில்லை.
சீ.பெ. என்று எழுதினேன்.
குணசீலி எட்டிப் பார்த்து
பிள்ளையாருக்குச் சொந்தக்காரங்களா மேடம் என்றாள்.

கொண்டுவந்தவர் உரக்கடை அறவாழி.
ஆப்பிள் அட்டைப்பெட்டியில் மூன்று:
பொரி, பட்டாணி, சீரகம்.
பொரிக்குக் கழுத்தில் கட்டி.
கட்டி என்றால் என் கை தானாகப் போகும்,
இரண்டாம் தட்டு, பென்சிலின்.
பசுவுக்கு நானூறு கிலோ,
பொரிக்கு எண்ணூறு கிராம்.
தாளில் வகுத்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.
வகுத்தல் சரி.

நான்காம் நாள் கழிந்து கழிந்து செத்தது.
காரணம் என்ற இடத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன்.
அன்று மாலை வரை அது உண்மை.

இரவு, சாணி வாடை போகாத கையோடு
கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
கடைசி அத்தியாயம், ஆய்வகப் பிராணிகள்.
தேர்வுக்கு வராது என்று நாங்கள் தாண்டிப்போன பக்கங்கள்
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.
இதன் குடலை வாழவைக்கும் கிருமிகளைப்
பென்சிலின் கொன்றுவிடும்.
அவ்வளவுதான், ஒரு வரி.
விளக்கை அணைத்தேன். திரும்பப் போட்டேன்.
அதே வரிதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அதே பெட்டி.
பட்டாணி பின்னங்காலை இழுக்கிறது.
தூக்கினால் கீச்சென்று அலறுகிறது.
சீரகம் தீனிக்குப் போகிறது,
முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது,
கடன் கேட்கப் போய் வாசலோடு வந்துவிட்டவன் போல.

அலமாரிப் பக்கம் போகவில்லை நான்.
பக்கத்து மிட்டாய்க்கடைத் தராசை வாங்கி நிறுத்தேன்:
பட்டாணி நூற்றைம்பது கிராம் இளைத்திருந்தது.
பல் நீளவில்லை. ஈறோரம் சிவப்பாய்க் கசிவு.
முழங்கால் வீங்கி, விரல் நெருங்கும் முன்பே நடுங்கியது.
விழுந்ததா? இல்லை.
நாய் துரத்தியதா? இல்லை.
என்னதான் தின்கிறது?

அதில் நான் ரொம்ப ஜாக்கிரதை மேடம், என்றார்.
பொரி போனதிலிருந்து வரப்புப் புல்லைத் தொடுவதில்லை.
எந்த வரப்பில் யார் என்றைக்கு மருந்தடித்தார் என்று
பில் போட்ட எனக்குத் தெரியாதா?
வைக்கோல், தவிடு.
கேரட், கீரை எல்லாம் உண்டு,
இரண்டு தண்ணீர் மாற்றி
குழையக் குழைய வேகவைத்துத்தான்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

எலுமிச்சையில் இருக்கும் ஒன்று,
கொதித்தால் போய்விடும் ஒன்று.
பசு அதைத் தன் உடம்புக்குள்ளேயே சமைத்துக்கொள்கிறது.
ஆடும் அப்படித்தான்,
வாசலில் படுத்திருக்கும் சொறிநாயும் அப்படித்தான்.
இந்த அறையில் அதற்கு வக்கில்லாதவர்கள் ஐந்து பேர்:
நான், குணசீலி, அறவாழி,
பெட்டிக்குள் இரண்டு.

ஊசி கழற்றிய சிரிஞ்சில் நெல்லிச் சாறு,
காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாய்.
கொத்தமல்லி பச்சையாக.
மருந்து படாத புல்லுக்கு எங்கே போவது?
குடமுருட்டிப் படுகை இருக்கே, என்றாள் குணசீலி,
தண்ணி வர்றதுக்குள்ள அறுத்துக்கலாம்.

தண்ணீர் வந்தது, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு.
அதற்கு மறுநாள் அறவாழி வந்தார்.
பட்டாணி பெட்டி விளிம்பில் முன்னங்காலை ஊன்றி
என் பேனா மூடியைக் கடிக்கப் பார்த்தது.
சீரகம் கொத்தமல்லித் தண்டை
நறுக் நறுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் கிளம்பவில்லை.
சட்டைப் பையில் இருந்த ரசீதுகளை எடுத்து
அடுக்கினார், மடித்தார், திரும்ப வைத்தார்.
பொரி மட்டும், என்றார்,
நான் விற்ற மருந்தால்தானே மேடம் போச்சு?

பதிவேடு என் முழங்கைக்கடியில்தான் இருந்தது.

மருந்துதான், என்றேன்.
உங்கள் கடையுடையது இல்லை.